ஒரு கிண்ணம் சூப், ஒரு வயது: கொரியர்களின் ‘சொல்லால்’

2023ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் தேதி, தென்கொரியாவில் சுமார் 5 கோடிப் பேருக்கு ஒரே நாளில் வயது குறைந்தது. மந்திரம் ஒன்றுமில்லை, சட்டம் மாறியது.

அதுவரை அங்கே குழந்தை பிறந்தவுடனே அதற்கு ஒரு வயது. புத்தாண்டு வந்தால் இன்னொரு வயது. டிசம்பர் 31ஆம் தேதி பிறந்த குழந்தைக்கு மறுநாளே இரண்டு வயது ஆகிவிடும்! இந்தக் கணக்கால் அலுவலகங்களிலும் ஒப்பந்தங்களிலும் குழப்பம் வந்ததால், மற்ற நாடுகளைப் போல் பிறந்த தேதியை வைத்தே வயதைக் கணக்கிட வேண்டும் என்று அரசாங்கம் முடிவு செய்தது. மது, புகையிலை வாங்கும் வயது, இராணுவச் சேவை போன்ற சிலவற்றுக்கு மட்டும் பிறந்த ஆண்டுக் கணக்கு இன்னும் நீடிக்கிறது.

சட்டம் மாறினாலும் வீட்டுக் கணக்கு மாறவில்லை. ‘உனக்கு என்ன வயது?’ என்பதற்குப் பதிலாக, ‘இதுவரை எத்தனை கிண்ணம் தொக்குக் சாப்பிட்டிருக்கிறாய்?’ என்று பெரியவர்கள் வேடிக்கையாகக் கேட்பார்கள். தொக்குக் என்பது அரிசி மாவில் செய்த கேக்கை மெல்லிய வில்லைகளாக அரிந்து போடும் சூப். புத்தாண்டுக் காலையில் அதைச் சாப்பிட்டால்தான் ஒரு வயது கூடும் என்பது நம்பிக்கை. 2004 நவம்பரில் பிறந்த எனக்குக் கடந்த ஆண்டு சொல்லாலின்போது வயது 20. அந்தக் கிண்ணத்தை முடித்ததும், நான் தங்கியிருந்த வீட்டுப் பாட்டியின் கணக்கில் 22!

பெயரே தமிழ் போல

சந்திர நாள்காட்டியின் முதல் நாளைத்தான் கொரியர்கள் ‘சொல்லால்’ என்கிறார்கள். தமிழில் எழுதிப் பார்த்தால் ‘சொற்களால்’ என்ற பொருள் வருவது தற்செயல்தான். ஆனால், இந்தப் பண்டிகைக்கு அது பொருத்தமாகவும் இருக்கிறது. யார் யாரை எப்படி அழைப்பது, யாருக்கு என்ன வாழ்த்துச் சொல்வது என்பதில்தான் அதன் பாதி உயிர் இருக்கிறது.

நம் நாட்டில் சீனப் புத்தாண்டு வரும் அதே நாளில் பெரும்பாலும் சொல்லாலும் வரும். இவ்வாண்டு இரண்டும் பிப்ரவரி 17ஆம் தேதி. அதனால் பலர் இரண்டும் ஒன்றே என்று நினைக்கிறார்கள். நாள் ஒன்று, வழக்கங்கள் வேறு. சிங்க நடனம், பட்டாசு, சிவப்பு அலங்காரம் எல்லாம் அங்கே பெரிதாக இல்லை. சொல்லால் வீட்டுக்குள் நடக்கும் பண்டிகை. முன்நாள், பெருநாள், மறுநாள் என மூன்று நாள் பொது விடுமுறை.

2024 செப்டம்பர் முதல் ஒரு கல்வியாண்டு சியோலில் பரிமாற்ற மாணவியாக இருந்தேன். என் அறைத்தோழி என்னைவிட ஒரு வயது மூத்தவர். பெண்கள் தங்களைவிட மூத்த பெண்ணை ‘உன்னி’ என்று அழைப்பார்கள் என்பது கொரிய நாடகம் பார்க்கும் எல்லாருக்கும் தெரியும். நானும் அவரை உன்னி என்றே அழைத்தேன். விடுதி காலியாகும் நாளில் நான் மட்டும் தனியாக இருக்கக்கூடாது என்று, ஆண்டோங் நகரிலுள்ள தன் தாத்தா வீட்டுக்கு அவர் என்னை அழைத்துச் சென்றார்.

கொரிய ‘பாலேக் கம்போங்’

நோன்புப் பெருநாளுக்கு முன் நம் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கொரியாவிலும் அதே கதைதான். அதை ‘மக்களின் பெரும் இடப்பெயர்வு’ என்றே செய்திகளில் சொல்கிறார்கள். இரயில் டிக்கெட்டுகள் வாரக்கணக்கில் முன்பே இணையத்தில் விற்பனைக்கு வரும். சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். 2017 முதல், தொற்றுக் காலம் நீங்கலாக, பண்டிகை நாள்களில் நெடுஞ்சாலை டோல் கட்டணத்தைத் தள்ளுபடி செய்கிறார்கள். 2025இல் ஜனவரி 27ஆம் தேதியையும் அரசாங்கம் தற்காலிக விடுமுறையாக அறிவித்ததால் ஆறு நாள் தொடர் விடுமுறை கிடைத்தது. சிலர் ஊருக்குப் போனார்கள். சிலர் அதைப் பயன்படுத்தி வெளிநாட்டுக்குப் பறந்தார்கள்.

இரயிலில் ஏறிய ஏறத்தாழ எல்லார் கையிலும் ஒரு பரிசுப் பெட்டி இருந்தது. பேரிக்காய், மாட்டிறைச்சி, சமையல் எண்ணெய், சூரை மீன் டின், ஷாம்பு என்று எதுவும் அதில் இருக்கலாம். நமக்கு வியப்பாகத் தோன்றும் பரிசு ‘ஸ்பேம்’ எனும் டின் பன்றி இறைச்சி. கொரியப் போரின்போது அமெரிக்க இராணுவத்தோடு வந்த உணவு அது. இறைச்சி கிடைக்காத காலத்தில் அரிய பண்டமாக இருந்ததால், இன்றும் அழகான பெட்டியில் பண்டிகைப் பரிசாக நிற்கிறது.

செருப்பைத் திருடும் பேய்

பெருநாளுக்கு முந்திய இரவு தூங்கக்கூடாதாம். தூங்கினால் புருவம் நரைத்துவிடும் என்று குழந்தைகளைப் பயமுறுத்துவார்கள். அசந்து தூங்கிவிட்ட தம்பி தங்கைகளின் புருவத்தில் மாவைப் பூசிவிட்டு, காலையில் கண்ணாடியைக் காட்டுவது பழைய விளையாட்டு.

அன்றிரவு ஒரு பேயும் வருமாம். வாசலில் இருக்கும் செருப்புகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, கால் அளவுக்குச் சரியானதைத் தூக்கிக்கொண்டு போய்விடுமாம். செருப்பைப் பறிகொடுத்தவருக்கு அவ்வாண்டு முழுவதும் நல்லது நடக்காது. அதற்கு மாற்றாக மாவு சலிக்கும் சல்லடையை வாசலில் மாட்டி வைப்பார்கள். பேய்க்கு எண்ணுவதில் ஆசை அதிகம். சல்லடையின் ஓட்டைகளை எண்ணத் தொடங்கி, கணக்குத் தவறி, மீண்டும் முதலிலிருந்து எண்ணி, அதற்குள் விடிந்துவிடும், செருப்பு தப்பித்துக்கொள்ளும்.

முன்னோருக்கு முதல் கிண்ணம்

காலையில் முதல் கிண்ணம் தொக்குக் நமக்கு இல்லை, மறைந்த முன்னோருக்கு. இந்தப் படையலுக்குச் ‘சாரியே’ என்று பெயர். முன்னோரின் பெயரை ஒரு வெள்ளைத் தாளில் எழுதி வைத்து, அதன் முன் மேசையில் உணவுகளை அடுக்கி, அரிசி மது ஊற்றி, குடும்பத்தினர் விழுந்து வணங்குகிறார்கள். முடிந்ததும் அந்தத் தாளை எரித்துவிடுகிறார்கள். படைத்த உணவை எல்லாரும் பகிர்ந்து உண்கிறார்கள்.

மேசையில் எதை எங்கே வைப்பது என்பதற்கு விதிகள் உண்டு. சிவப்புப் பழங்கள் கிழக்கே, வெள்ளை நிறத்தவை மேற்கே. மீன் கிழக்கே, இறைச்சி மேற்கே. பீச் பழம் மட்டும் வைக்கவே கூடாது. அது ஆவிகளை விரட்டிவிடும் என்பது நம்பிக்கை. வரவேண்டிய முன்னோரும் திரும்பிப் போய்விடுவார்கள் அல்லவா?

உன்னியின் வீட்டில் அப்பா முன்னால் நின்றார். மூன்றாம் படிவ வயதுள்ள தம்பி அவருக்கு அருகில் நின்று கிண்ணத்தை எடுத்துக் கொடுத்தான். உன்னியும் அவர் அம்மாவும் பின்வரிசையில் நின்றார்கள். நான் சுவரோரமாக நின்று பார்த்தேன்.

பணத்துக்கு முன் வாழ்த்து

அடுத்தது ‘செபே’. மூத்தவர்கள் தரையில் அமர, இளையவர்கள் அவர்கள் முன் மண்டியிட்டு நெற்றி தாழ வணங்குவார்கள். கையை வைப்பதிலும் முறை உண்டு: ஆண்களுக்கு இடக்கை மேலே, பெண்களுக்கு வலக்கை மேலே. துக்க வீட்டில் இது தலைகீழாகும். அதனால் பண்டிகை நாளில் கை மாறினால் பெரியவர்கள் உடனே திருத்துவார்கள்.

வணங்கும்போது சொல்ல வேண்டியது, ‘சேஹே போக் மானி பாதுசேயோ’. ‘புத்தாண்டில் நிறைய நற்பேறு பெறுங்கள்’ என்பது பொருள். பதிலுக்குப் பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு நல்வாக்குச் சொல்வார்கள். இதற்குத் ‘தொக்தாம்’ என்று பெயர். அதற்குப் பிறகுதான் பணம். நம் ஊர் அங்பாவ் போல் சிவப்பு உறை கட்டாயமில்லை. வெள்ளை உறையிலும் தருவார்கள். நோட்டு புதியதாக இருக்க வேண்டும் என்பதற்காகப் பண்டிகைக்கு முன் வங்கிகளில் கூட்டம் கூடும்.

2009இல் 50,000 வோன் நோட்டு வந்தபோது மாமாக்களும் அத்தைகளும் கொஞ்சம் கவலைப்பட்டிருப்பார்கள். அதில் இருப்பவர் ஷின் சாயிம்தாங் என்ற பெண் ஓவியர். அவருடைய மகன் யீ ஈ, 5,000 வோன் நோட்டில் இருக்கிறார். அம்மாவுக்கு மகனைவிடப் பத்து மடங்கு மதிப்பு!

நல்வாக்கு சில நேரம் எல்லை மீறும். ‘எப்போது வேலை?’, ‘எப்போது திருமணம்?’, ‘ஏன் உடம்பு போட்டுவிட்டாய்?’ என்ற கேள்விகள் நமக்கும் பழக்கமானவைதாம். கொரிய இளைஞர்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் கட்டணம் போட்டு, உணவக மெனு போல் ஒரு விலைப்பட்டியல் தயாரித்து இணையத்தில் பரப்பினார்கள். கேள்வி கேட்க விரும்புவோர் முதலில் பணம் கட்ட வேண்டும்.

‘பழையது’ என்று ஒதுக்கப்பட்ட நாள்

இவ்வளவு வழக்கங்கள் கொண்ட இந்த நாள் ஒரு காலத்தில் பொது விடுமுறையாகக்கூட இல்லை என்பது என்னை வியக்க வைத்தது.

1896இல் கொரியா அதிகாரபூர்வமாகச் சூரிய நாள்காட்டிக்கு மாறியது. 1910 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானிய ஆட்சியில், ஜனவரி 1தான் புத்தாண்டு என்று வலியுறுத்தப்பட்டது. சொல்லாலுக்குப் ‘பழைய புத்தாண்டு’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. விடுதலைக்குப் பிறகு வந்த அரசாங்கங்களும் இரண்டு புத்தாண்டு வீண்செலவு என்று கருதி ஜனவரி 1ஐயே ஊக்குவித்தன. மக்களோ விடுமுறை இல்லாவிட்டாலும் வீட்டில் தொக்குக் சமைத்தார்கள், படையல் வைத்தார்கள்.

1985இல் அரசாங்கம் கொஞ்சம் இறங்கிவந்து ‘நாட்டுப்புற நாள்’ என்ற பெயரில் ஒரு நாள் விடுமுறை தந்தது. 1989இல்தான் சொல்லால் என்ற சொந்தப் பெயரும் மூன்று நாள் விடுமுறையும் திரும்பக் கிடைத்தன. அதிகாரபூர்வ ஆதரவு இல்லாத இத்தனை ஆண்டுகளும் இந்த நாளைக் காப்பாற்றியவை வீட்டுச் சமையலறைகள்தாம்.

சமையலறையில் யார்?

அந்தச் சமையலறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெருநாளுக்கு முதல் நாள் காலை பத்து மணிக்கு உன்னியின் அம்மாவும் சித்தியும் தரையில் செய்தித்தாள் விரித்து, மின்சாரத் தட்டை வைத்து உட்கார்ந்தார்கள். மீன் துண்டு, பூசணி வகைக் காய், இறைச்சி ஆகியவற்றை மாவிலும் முட்டையிலும் தோய்த்துப் பொரிக்கும் ‘ஜோன்’ என்ற பலகாரம் படையலுக்குத் தயாரானது. அவர்கள் எழுந்தபோது மாலை நான்கு மணி. உன்னியும் நானும் தோய்த்துக் கொடுத்தோம். பக்கத்து அறையில் ஆண்கள் தொலைக்காட்சி பார்த்தார்கள்.

நான் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை என்று உன்னி முன்பே சொல்லியிருந்தார். தொக்குக் பெரும்பாலும் மாட்டிறைச்சிச் சாற்றில்தான் கொதிக்கும். பாட்டி எனக்காக நெத்திலி போட்டு இன்னொரு சட்டியில் தனியாகச் சாறு வைத்தார். அந்த அன்பு எனக்கு மறக்காது. அதேநேரம், அந்தச் சட்டியைக் கழுவிய கைகளும் சமையலறையில் இருந்த அதே கைகள்தாம் என்பதையும் பார்த்தேன்.

பண்டிகை முடிந்ததும் வரும் முதுகுவலி, மன அழுத்தம், கணவன் மனைவி சண்டை ஆகியவற்றுக்குக் கொரிய மொழியில் ‘பண்டிகை நோய்க்குறி’ என்றே ஒரு சொல் இருக்கிறது. சோ நாம்ஜூ 2016இல் எழுதி, பத்து இலட்சம் பிரதிகளுக்கு மேல் விற்ற ‘கிம் ஜியோங், பிறப்பு 1982’ என்ற நாவலிலும், பண்டிகைக்காக மாமியார் வீட்டுக்குப் போகும் மருமகளின் நிலை முக்கியமான ஒரு கட்டம்.

‘இது மரபு, மாற்றக்கூடாது’ என்பவர்களுக்குப் பதில் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 2022 செப்டம்பரில், கன்ஃபூசிய மரபின் தலைமை அமைப்பான சுங்கியுன்குவான், படையலுக்கு எண்ணெயில் பொரித்த பலகாரம் தேவையே இல்லை என்று அறிவித்தது. ஒன்பது வகை உணவு போதும்; சிவப்பு கிழக்கே, வெள்ளை மேற்கே என்ற அடுக்கு முறைக்கும் பழைய சடங்கு நூல்களில் ஆதாரம் இல்லை என்றது.

ஆண்டோங்கிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. 1,000 வோன் நோட்டில் இருக்கும் 16ஆம் நூற்றாண்டு அறிஞர் யீ ஹ்வாங் இந்த ஊர்க்காரர். கொரியக் கன்ஃபூசியச் சிந்தனையின் மிகப் பெரிய பெயர்களில் ஒன்று அவருடையது. அவருடைய வாரிசுக் குடும்பத்தின் சொல்லால் படையலில் இருப்பவை ஐந்தே: மது, தொக்குக், உலர்மீன், ஒரு தட்டு ஜோன், ஒரு தட்டுப் பழம். மரபின் ஊற்றாகக் கருதப்படும் வீட்டில் மேசை சிறியது. பெரிய மேசை, பிற்காலத்தில் வசதியைக் காட்டச் சேர்ந்தது.

அடுத்து யார் நிற்பது?

சமையலறையைவிடப் பெரிய கேள்வி ஒன்றும் உண்டு. இந்தப் படையலை அடுத்த தலைமுறையில் யார் நடத்துவது? கொரியப் பெண் ஒருவர் சராசரியாகப் பெறும் குழந்தைகள் எண்ணிக்கை 2023இல் 0.72ஆகக் குறைந்தது. மகன் இல்லாத வீடுகள், ஒற்றைப் பிள்ளை வீடுகள், பிள்ளையே இல்லாத வீடுகள் அதிகம். மூத்த மகன்தான் சடங்குக்கு உரியவர் என்ற விதியை வைத்துக்கொண்டால் பல வீடுகளில் மேசை முன் நிற்க ஆள் இருக்காது.

2023 மே மாதம் கொரிய உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியத் தீர்ப்பு வழங்கியது. குடும்பத்தினருக்குள் உடன்பாடு இல்லையென்றால், ஆண் பெண் வேறுபாடின்றி வயதில் மூத்த பிள்ளையே முன்னோர் சடங்குக்கு உரியவர் என்றது. மூத்த மகனுக்கு முன்னுரிமை தந்த 2008ஆம் ஆண்டுத் தீர்ப்பு இதனால் மாறியது.

அன்று மதியம் சாப்பாட்டு மேசையில் உன்னி இதைப் பற்றிப் பேச்செடுத்தார். “சட்டப்படி நான்தானே, அப்பா?” என்றார். அப்பா சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றப் பார்த்தார். தாத்தா மட்டும் சிரிக்கவில்லை. “செய்வதற்கு விருப்பம் இருக்கிறதா, அதைச் சொல்” என்று பேத்தியிடம் கேட்டார். உன்னி உடனே பதில் சொல்லவில்லை. பின்னர் எங்கள் அறையில், “அம்மாவை ஆறு மணி நேரம் தரையில் உட்கார வைக்கும் சடங்கு எனக்கு வேண்டாம். ஆனால், தாத்தாவின் பெயரை எழுத யாருமே இல்லாமல் போவதும் வேண்டாம்” என்றார்.

சென்ற வாரம் அவரிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. இவ்வாண்டு பொரிக்கும் வேலை இல்லை. ஒரு தட்டு ஜோனைக் கடையில் வாங்கப் போகிறார்களாம். முன்னோர் பெயரைத் தாளில் எழுதும் பொறுப்பைத் தாத்தா உன்னியிடம் கொடுத்திருக்கிறார். சீன எழுத்தில் எழுத வேண்டும் என்பதால் தினமும் பயிற்சி எடுக்கிறாராம்.

வீட்டுக்குப் போக முடியாதவர்கள்

ஊருக்குப் போகவே வழியில்லாதவர்களும் இருக்கிறார்கள். போரில் வடக்கிலிருந்து தெற்குக்கு வந்தவர்களுக்கு 1953 போர்நிறுத்தத்துக்குப் பிறகு சொந்த ஊர் எல்லைக்கு அப்பால் போய்விட்டது. பாஜு நகரின் இம்ஜின்காக் என்ற இடத்தில் 1985இல் அவர்களுக்காக ஒரு வழிபாட்டு மேடை கட்டப்பட்டது. ஒவ்வொரு சொல்லாலுக்கும் முதியவர்கள் அங்கே கூடி வடக்கு நோக்கி வணங்குகிறார்கள். பிரிந்த உறவினரைச் சந்திக்க விரும்பித் தெற்கில் பதிவு செய்தவர்கள் ஏறத்தாழ 134,000 பேர். அவர்களில் பெரும்பாலோர் இப்போது உயிருடன் இல்லை. கடைசிச் சந்திப்பு 2018 ஆகஸ்டில் நடந்தது. டோல் வரிசையில் எரிச்சலோடு காத்திருப்பதுகூட ஒரு பேறுதான் என்று இம்ஜின்காக்கைப் பற்றிக் கேட்டபோது தோன்றியது.

பன்றி ஓர் அடி, குதிரை ஐந்து அடி

சாப்பாடு முடிந்தால் ‘யுத்நோரி’. நம் தாயக்கட்டை விளையாடியவர்களுக்கு இது ஐந்து நிமிடத்தில் பிடிபடும். ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் வளைவாகவும் உள்ள நான்கு குச்சிகளை மேலே வீச வேண்டும். விழும் விதத்துக்கேற்ப, 29 புள்ளிகள் கொண்ட பலகையில் காய் நகரும். பன்றி என்றால் ஓர் அடி, நாய் இரண்டு, ஆடு மூன்று, மாடு நான்கு, குதிரை ஐந்து. மாடோ குதிரையோ விழுந்தால் இன்னொரு வீச்சு. எதிரியின் காயை வெட்டினாலும் இன்னொரு வீச்சு. 2022இல் கொரிய அரசாங்கம் இதைத் தேசியப் பண்பாட்டு மரபாக அறிவித்தது. இந்த விளையாட்டில் முன்வரிசை, பின்வரிசை இல்லை. பாட்டியும் தம்பியும் ஒரே அணியில் சேர்ந்து எங்களை இரண்டு முறை தோற்கடித்தார்கள்.

கே-பாப் பாடல், நாடகம் வழியாகக் கொரியாவை அறிந்த நம் மாணவர்களுக்கு ஒரு யோசனை. வரும் 17ஆம் தேதி கொரிய நண்பர் யாரேனும் இருந்தால், ‘சேஹே போக் மானி பாதுசேயோ’ என்று வாழ்த்துங்கள். வாழ்த்தோடு நிறுத்திவிடாமல், ‘உங்கள் வீட்டில் இவ்வாண்டு யார் சமைக்கிறார்கள்?’ என்றும் கேளுங்கள். பழக்கவழக்கங்களைப் பற்றிய புத்தகத்தில் இல்லாத பதில் கிடைக்கும். அதே கேள்வியை அடுத்த பொங்கலுக்கு நம் வீட்டிலும் கேட்டுப் பார்க்கலாம். பதில் ‘அம்மா மட்டும்’ என்றால், அடுப்பருகே போய் நிற்க நமக்கு எந்தச் சட்டமும் தேவையில்லை.